ரேடாரை எந்தப் பக்கம் திருப்புவது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பதுளையில் வாடகை அறையில் இருந்தாலும் சரி, வேலைத்தலத்தில் இருந்தாலும் சரி, கூரையில் முதல் தூறல் விழுந்த உடனே தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். காரணம் ஒன்றுதான். என் அக்கா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மலைச்சரிவுக்கு நேர் கீழே வரிசையாக இருக்கும் லய வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறாள். அந்தச் சரிவு நகர்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கேட்பவர்களுக்கு இது பெரிய பாக்கியம் போலத் தெரிகிறது. "ஒங்க அக்காவுக்கு என்னங்க, காவலுக்கு நீங்க இருக்கீங்க" என்பார்கள். அவர்களை எல்லாம் ஒரு மழை நாளில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் இருவரும் அந்த லயத்திலேயே பிறந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காதான் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தாள். நான் பொறியியல் படித்து, பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றில் ரேடார் வேலைக்குச் சேர்ந்தேன். முழங்கால் வலி வந்ததும் அவள் கொழுந்து மலையை விட்டுவிட்டுப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவானாள். தாய்மார் மலையில் நிற்கும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் மட்டும் முகம் காட்டுவார்.

பதுளைக்கு வந்து என்னோடு இரு என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "வந்து ஒன் ரூம்ல என்னாடி செய்ய? நான் வேலைய விட்டா நாளைக்கே லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நாம பொறந்த காம்பரா" என்பாள். அவள் சொல்வது உண்மை. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையிலிருந்து பேரை வெட்டினால் வீடும் போய்விடும். அதனால் மலை தலையில் விழுந்தாலும் விழட்டும் என்று சனம் அங்கேயே கிடக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியாது.

அக்கா இருக்கும் வரிசைக்குப் பணிய லயம் என்று பெயர், கீழ் லயம் என்று அர்த்தம். அதற்கு மேலே இருக்கிற தேயிலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டப் போனவர்கள் ஒரு வெடிப்பைக் கண்டார்கள். கையை நுழைக்கலாம், அவ்வளவு அகலம். அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த லயத்தில் இனிமேல் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் குழுவுக்கு ரேடார் வைக்கும் வாய்ப்பு வந்தது. எந்தத் தோட்டம் என்ற பேச்சு எழுந்தபோது நான் வேறு எந்தத் தோட்டத்தின் பெயரையும் வாயில் எடுக்கவில்லை.

ரேடார் என்றால் விமானத்தைப் பிடிப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுடையது மலையைப் பார்க்கிற ரேடார். சரிவுக்கு எதிர்மலையில் சிமெந்துத் தூண் ஒன்று கட்டி அதன்மேல் பெட்டியைப் பொருத்துவோம். அது ரேடியோ அலையை அனுப்பும், சரிவில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கும். போன தடவை வந்ததையும் இந்தத் தடவை வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, நிலம் ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தாலும் சொல்லிவிடும். பனிமூட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பேய்மழை என்றால் மட்டும் திணறும். எங்கள் பக்கத்தில் மலை சரிவது பேய்மழையில்தான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டி வாங்குவதற்கு முன்னால் குழுவுக்குள் பெரிய வாக்குவாதம். எங்கள் குழுத் தலைவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். எந்தச் சாமானையும் புரட்டிப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து எடுக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் முன்னால் இரண்டு வகை ரேடார் இருந்தன. ஒன்று பேஸ்டு அரே. வரிசையாக நிற்கும் ஆண்டெனாக்கள் எல்லாம் ஒரே அலையைச் சேர்ந்து அனுப்பும், ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக. சேர்ந்து போவதால் அலை ஒரு பக்கமாகக் குவிந்து பலமாகப் போய் விழும். அந்த முன்பின்னை மாற்றிக் கொடுத்தால் பெட்டியைத் தொடாமலே கற்றை வேறு பக்கம் திரும்பும். மற்றது மைமோ. அதில் ஒவ்வோர் ஆண்டெனாவும் தனக்கென்று ஓர் அலையைத் தனியாக அனுப்பும். எதுவும் குவியாது, மலை முழுக்க மெல்லிசாகப் பரவும். திரும்பி வருகிறபோது எது எந்த ஆண்டெனாவிலிருந்து போனது என்று பிரித்துக்கொள்ளலாம். அனுப்புகிறவற்றையும் கேட்கிறவற்றையும் பெருக்கினால் எத்தனை வருமோ, அத்தனை ஆண்டெனா இருப்பது போல நுணுக்கமான படம் கிடைத்துவிடும். கையில் இருப்பது என்னவோ கொஞ்சம்தான்.

அக்கா ஒரு நாள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இதைக் கேட்டாள். "பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளக் கூப்புடணும்னு வச்சுக்க" என்றேன். "எல்லாரும் சேந்து ஒரே கொரல்ல கூப்புட்டா நல்லாக் கேக்கும். ஒவ்வொருத்தரா கூப்புட்டா மெதுவாத்தான் கேக்கும், ஆனா யாரு எங்க நிக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

"மழ பேஞ்சா?"

"மழ பேஞ்சா சேந்து கூப்புட்டாத்தான் கேக்கும்."

"அப்ப சேந்து கூப்புடுற பொட்டிய வாங்குங்களேன்டி."

"அதத் தூக்கிட்டு வர ரோட்ட ஒங்க தோட்டத்துத் தொரையா போட்டுக் குடுப்பாரு?"

அவள் சிரித்தாள். ஆனால் விஷயம் அதுதான். பேஸ்டு அரேயில் ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் பின்னால் தனிச் சாமான் வேண்டும், அது சூடாகும், அதைக் குளிர வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலை ஏற்றிக்கொண்டு லொறி வர வேண்டும். எதிர்மலைக்குப் போகிற வழியில் மழை நேரத்தில் லொறி இல்லை, மாடுகூட ஏறாது. மைமோப் பெட்டியை இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். சூரியத் தகட்டிலும் பேட்டரியிலும் ஓடும். இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. மலை முழுவதிலிருந்தும் வந்ததைப் பதிந்து வைத்துக்கொள்வதால், எந்த மூலையை வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பார்க்கலாம். பேஸ்டு அரே தான் திரும்பிப் பார்த்த இடத்தை மட்டும்தான் அறியும். திரும்பாத பக்கத்தில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது.

"பேஸ்டு அரேக்குப் பலம் கூட என்று சொல்றாங்களே" என்று குழுவில் ஒருவர் கேட்டதற்குச் சார் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "மலை முழுக்கப் பார்க்கணும் என்றால் இரண்டும் ஒண்ணுதான். இது எல்லா இடத்தையும் மெல்லிசா, நிறைய நேரம் பார்க்கும். அது ஒவ்வொரு இடத்தையும் பலமா, கொஞ்ச நேரம் பார்க்கும். கூட்டிக் கழிச்சா ஒரே அளவு. எந்த இடத்தைப் பார்க்கணும் என்று முன்னாடியே தெரிஞ்ச ஆளுக்குத்தான் அதால லாபம்." அதோடு பேச்சு முடிந்தது. மைமோவை எடுத்தோம். ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் நான் சேர்த்தேன். அனுப்புகிற ஆண்டெனாக்கள் எல்லாம் தேவைப்பட்டால் ஒரே குரலில் சேர்ந்து அனுப்பும்படி நிரல் எழுதி வைத்தேன். உண்மையான பேஸ்டு அரே அளவுக்குக் கூர்மை வராது. ஏழை வீட்டுக் கற்றைதான். இருந்தாலும் மழைக்குள் ஓர் இடத்தையாவது அழுத்திப் பார்க்கலாமே என்று ஒரு நப்பாசை.

தேயிலைச் செடி காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ரேடாருக்கு அசையாத அடையாளம் வேண்டும். மூன்று தகரத் துண்டுகளை மூலை போலச் சேர்த்து, இரும்புக் குழாயில் பொருத்தி, சரிவில் அங்கங்கே நட்டோம். அலை அதில் பட்டால் வந்த வழியே நன்றாகத் திரும்பும். பணிய லயத்துக்கு மேலே ஒன்று, பிள்ளைக் காம்பராவுக்கு அடுத்திருக்கும் மேட்டு லயத்துக்கு மேலே ஒன்று, பிள்ளைக் காம்பராவுக்கு மேலே ஒன்று என்று வைத்தோம். திரையில் அவை மூன்றும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

ஆபத்து என்றால் சனத்துக்கு எப்படிச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. தோட்டத்தில் ஸ்டோர் சங்கு இருக்கிறது. கொழுந்து அரைக்கிற ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், கூரையில் இருந்து காலைப் பெரட்டுக்கு ஒரு நீள ஊதல் ஊதும், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க வருவார்கள். வேலை விடும்போது இரண்டு குட்டை ஊதல். தொரையிடம் பேசி, ஏறி இறங்கி விடாமல் ஊதினால் ஆபத்து என்று வைத்துக்கொண்டோம். சங்குக்குத் தனி பேட்டரி வைத்து, எதிர்மலையில் இருந்தே ரேடியோ வழியாக ஊத ஒரு பொத்தானும் வைத்தோம். அந்தச் சங்கு கேட்டால் எல்லாரும் பிள்ளைக் காம்பராவில் போய்ச் சேர வேண்டும். அதுதான் புதுக் கொங்கிரீட் கட்டடம். அதற்கு மேலே இருக்கிற சரிவு வெயில் காலம் முழுக்க எங்கள் படத்தில் சலனமே இல்லாமல் கிடந்தது. அடியில் பாறை என்று மண் பார்க்க வந்தவர்களும் சொன்னார்கள்.

அந்த நாள் வந்தது. பல நாட்களாக விடாத மழை. வெயில் இல்லாததால் பேட்டரி இறங்கிப் போய், முந்தின நாள் பெட்டியை நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. சாரும் நானும் பசறை டவுனில் சார்ஜ் போட்ட பேட்டரிகளைச் சுமந்துகொண்டு காலையில் எதிர்மலைக்கு ஏறினோம். வழுக்கி விழுந்து என் முட்டித் தோல் பெயர்ந்துவிட்டது. தகரக் குடிலுக்குள் போய்ப் பெட்டியை ஓட விட்டபோது போன் கோபுரம் செத்துக் கிடந்தது. அக்காவுக்கு எடுத்தால் 'கொயிங்' என்ற சத்தம்கூட இல்லை.

படம் வந்தது என்று சொல்வதா, கூழ் வந்தது என்று சொல்வதா. மழை அலையை வழியிலேயே குடித்துவிட்டது. நனைந்த இலைகள் ஆடிக்கொண்டே மின்னின. மைமோவில் ஆண்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிற இடைவெளிக்குள் எல்லாம் அசைந்துவிட்டதால், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தக் கூழுக்குள் வெள்ளைப் புள்ளிகளைத் தேடினேன். மேட்டு லயத்துப் புள்ளி மங்கலாக இருந்தது. பிள்ளைக் காம்பராப் புள்ளியும் இருந்தது. பணிய லயத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சாரும் குனிந்து பார்த்தார். "குவிச்சுப் பாரு" என்றார். எல்லா ஆண்டெனாவையும் ஒரே குரலில் அந்த இடத்துக்குத் திருப்பினேன். செடிகள் பலமாகப் பதில் சொல்லின, நடுங்கிக்கொண்டே. தகரம் மட்டும் இல்லை. மலை அதை விழுங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்?

"கொஞ்சம் பொறு" என்றார் சார். "பிழையா ஊதினா அடுத்த தரம் ஒருத்தரும் வெளிய வர மாட்டாங்க."

"சார், தகரம் நின்ன எடத்துல தகரம் இல்ல. இன்னும் என்னத்தப் பாக்கணும்? கீழ அவ்வளவு சனம் இருக்கு."

அவர் பொத்தானை அழுத்தினார். பள்ளத்தைத் தாண்டி, மழையைத் தாண்டி, சங்கு ஏறி இறங்கி அழுதது. அக்கா பகலில் பிள்ளைக் காம்பராவில்தான் இருப்பாள், அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள், மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்கு லயம் ஒழுகும் என்று தாய்மார் பிள்ளைகளையும் அங்கேதான் விட்டிருப்பார்கள். கற்றையைப் பணிய லயத்தின் மேலேயே வைத்திருந்தேன். அது இப்போது விழும், இப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவில்லை.

மழை கொஞ்சம் தணிந்ததும் மறுபடி மைமோவுக்கு மாற்றினேன், மற்ற இடங்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்வோமே என்றுதான். படம் மெல்லமெல்லத் தெளிந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு மேலே அந்தச் சரிவு முழுக்க நகர்வைக் காட்டும் நிறத்துக்கு மாறியிருந்தது. கற்றையை அங்கே திருப்பினேன். அங்கிருந்த தகரம் கணீரென்று பதில் சொன்னது. ஒவ்வொரு தடவையும் எங்களை நோக்கிக் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நாங்கள் பாறை என்று நம்பிய சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் ஊரையே கூட்டி வைத்திருந்தோம்.

சார் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "ஊதாதீங்க சார். ஊதுனா இன்னும் மிச்சம் இருக்க ஆளும் அங்கதான் ஓடுவாங்க." அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தச் சங்குக்கு ஓர் அர்த்தம்தான் வைத்திருந்தோம். அங்கே போ என்று சொல்லும், அங்கிருந்து போ என்று சொல்லத் தெரியாது. போன் இல்லை. ஓடினால் பள்ளம் இறங்கி ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கடவுளையும் திட்டினேன், தொரையையும் திட்டினேன், பக்கத்தில் நின்ற பாவத்துக்குச் சாரையும் திட்டினேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே என் கை பொத்தானில் போய்விட்டது. குட்டையாக இரண்டு தரம் அழுத்தினேன். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தரம். வேலை விட்ட சங்கு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது காதில் விழுந்தால் போதும், யோசிக்கவே மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். நானும் அந்தச் சங்குக்குப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்க ஓடியவள்தான். பணிய லயம் விழுந்துவிடும் என்று நாங்களே எழுப்பி அனுப்பிய சனத்தை, அந்த லயத்துக்கே திருப்பி அனுப்பினேன். அழுத்த அழுத்த எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பிள்ளைக் காம்பராவில் ஒரு வழக்கம் உண்டு. ஆயா எந்தப் பிள்ளையையும் பெற்றவள் கையில்தான் கொடுப்பாள். கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் கதவைச் சாத்த மாட்டாள். யாராவது ஒருத்தி வரப் பிந்தியிருந்தால் அக்கா அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

திரையில் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை ஒரு பெரிய புள்ளி. ஆட்களை ரேடாரில் பார்க்க முடியாது. கூரையை மட்டும்தான் பார்க்கலாம். அதையே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். வேலை விட்டாச்சு, வேலை விட்டாச்சு, வீட்டுக்குப் போ அக்கா என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் புள்ளி அணைந்துவிட்டது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. லொறி நிறைய கல்லைக் கொட்டினது போல ஆரம்பித்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. சார் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஆற்றுப் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. அதற்குள் இறங்கி நடந்தேன். ஸ்டோர் வளைவில் சனம் நின்றது. பிள்ளைகளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மலை இருந்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அக்கா இல்லை. "அக்கா எங்க?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அப்போது நான் அலறிய அலறலை அங்கிருந்தவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அவள் பஸ் நிறுத்தத்தில் இருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை விசுக்கோத்து தின்றுகொண்டிருந்தது. குழந்தையின் தாய் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தாளாம். "வேல விட்ட சங்கு ஊதிருச்சு, இவ ஆத்தா இன்னும் வரல. பசற பஸ்ஸுலதான வருவா, அங்க வச்சே கையில குடுத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள் அக்கா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னாடி இது கோலம், சேத்துல பொரண்ட மாதிரி" என்றாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு, அந்த ஈரத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டு லயத்தில் கடைசி இரண்டு காம்பராக்களும் போய்விட்டன. ஒன்றில் படுக்கையில் கிடந்த ஒருவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியும் இருந்தார்கள். முதல் சங்குக்கும் அவர்கள் வெளியே வரவில்லை, அவரை யார் தூக்குவது என்று. என்னைச் சின்னதில் தூக்கித் திரிந்த மனுஷி அவர். பிறகு பதிவை எடுத்து அவர்கள் வீட்டுக்கு மேலே இருந்த சரிவைப் பார்த்தேன். நான் பணிய லயத்தின் மேல் கற்றையைக் குவித்து வைத்திருந்த நேரம் முழுக்க அங்கே வெறும் இருட்டுத்தான் இருந்தது.

பணிய லயத்துத் தகரத்தின் கதை பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் மழை கொஞ்சம் தணிந்தபோது, டெங்கு பார்க்க சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று லயத்தில் சிரமதானம் போட்டு எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்திருக்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, டின், டயர் என்று தண்ணீர் நிற்கிற எதையும் விடவில்லை. மேலே தேயிலைக்குள் நின்ற எங்கள் மூலைத் தகரத்தில் தண்ணீர் வடிய நாங்கள் போட்ட ஓட்டையைச் சருகு அடைத்து, அதிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. "கொசுப்புழு நெளிஞ்சிச்சுடி. ஒன் சாமானாச்சே, ஒன்னக் குத்தம் சொல்லுவாங்களேன்னு நானே கவுத்து வச்சேன்" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் அந்தச் சரிவில் ஏறி, முழங்கால் வலியோடு, ரேடாரின் கண்ணைக் கவிழ்த்து வைத்தாள்.

சார் அதை வேறு மாதிரிக் கணக்குப் பார்த்தார். "அவ கவுத்து வைக்கலைன்னா நாம ஊதியிருக்க மாட்டோம். ஊதலைன்னா தாய்மார் அங்க வந்திருக்க மாட்டாங்க. சனம் இல்லாம, ஆயாவும் குழந்தைகளும் மட்டும்தான் உள்ள இருந்திருப்பாங்க. வேலை விட்ட சங்கு ஊதினாலும் அந்த நேரத்துக்குள்ள யாரு வந்து தூக்கிப் போயிருப்பா?" ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "அப்ப அடுத்த தரமும் யாராச்சும் கவுத்து வைப்பாங்கன்னு நம்பி இருப்போமா சார்?" என்று கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரை நோகடித்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது மறுபடி மழைக்காலம். மேட்டு லயத்துச் சனம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரத்தில் இருக்கிறது. வீடு வரும் என்கிறார்கள். மைதானத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. அங்கேயும் ஒரு தகரம் நட்டிருக்கிறோம். பிள்ளைக் காம்பராவுக்குப் பணிய லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு காம்பராவை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள், அந்த வெடிப்புக்கு நேர் கீழே. அக்கா அங்கே தொட்டில் கட்டிப் பிள்ளைகளை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிய கடிதங்களுக்கும் போன் பண்ணிய ஆட்களுக்கும் கணக்கில்லை. வேறு இடம் இல்லை என்ற ஒரே பதில்தான் வருகிறது. பெரிய ரேடார் கேட்டோம், அதற்கும் பதில் அதுதான், வேறு வார்த்தைகளில்.

மழை இல்லாத நாளில் மைமோ இரண்டு சரிவையும் அழகாகக் காட்டும். பேய்மழை பிடித்தால் கூழ்தான். இரண்டு பக்கமும் கற்றையை மாறி மாறித் திருப்பலாமே என்று கேட்பீர்கள். திருப்பிப் பார்த்தேன். நேரத்தைப் பாதியாக வெட்டினால் மழைக்குள் இரண்டுமே நம்புகிற மாதிரி வருவதில்லை. ஒரு பக்கம்தான் நன்றாகப் பார்க்கலாம். சார் கொழும்பில் இருக்கும் நாட்களில் முடிவு என் கையில்.

இன்றைக்குக் காலையில் இருந்து ஊற்றுகிறது. எதிர்மலைக் குடிலில் நான் மட்டும் இருக்கிறேன். இந்தத் தடவை போன் வேலை செய்கிறது. மத்தியானம் அக்கா எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." சாப்பிடவில்லை.

"இப்ப அந்தப் பொட்டிய எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவளிடம் எனக்குப் பொய் வராது. "ஒன் பக்கந்தான்" என்றேன்.

"காலையிலேருந்தா?"

"ஆமா."

"அப்ப டெண்ட்டுல இருக்க சனத்த?"

நான் திரையைப் பார்த்தேன். ஒரு குழந்தையை அவள் தட்டிக்கொடுப்பது கேட்டது. "அந்த ரெண்டு பேரையும் நெனச்சுப் பாத்தியா? அவங்களையும் இப்படித்தான யாரும் பாக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "திருப்புடி. நான் கதவத் தொறந்து வச்சுத்தான் உக்காந்திருக்கேன். என் பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

"சரிக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பின்னேரம் ஆகிவிட்டது. மழை விடவில்லை. இன்னும் திருப்பவில்லை.